ஐஸ் பெட்டி ஓடும் வீடு

கடல் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடிவரை ஏறி வந்து அங்கேயே தங்கிவிட்டது. குடியிருப்போர் சங்கத்தில் அதை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். கூட்டங்களுக்கு ஒழுங்காக வரும். படிக்கட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். பேசாது.

ஒரு வீட்டார் ஒரு பழக்கத்தை விட்டால் கடல் ஒரு படி இறங்கும். மறுபடி தொடங்கினால் ஏறிவிடும். சங்கச் செயலாளர் கோமதிநாயகம் ஞாயிற்றுக்கிழமைகளில் வாளியோடு வீடு வீடாக வந்து, விட்ட பழக்கங்களை வாங்கிப் போவார்.

மூன்றாம் மாடி வாத்தியார் பைக்கை விட்டார். நடந்தே பள்ளிக்கூடம் போனார். அவர் நடக்க நடக்கப் பள்ளிக்கூடம் பக்கத்தில் வந்தது. இப்போது அது அவர் வீட்டுப் பால்கனியில் இருக்கிறது. மதியம் கண் அசர முடியவில்லை என்கிறார்.

எதிர்வீட்டு இசக்கியம்மாள் மின்விசிறியை விட்டாள். அன்றே அவள் கூடத்தின் நடுவில் நின்று மெல்லச் சுற்றத் தொடங்கினாள். முந்தானையிலிருந்து நல்ல காற்று வந்தது.

"ஏட்டி, தல சுத்தலையா?" என்று கேட்டேன்.

"மொதல்ல சுத்துச்சு." அவள் முகம் அந்தப் பக்கம் போய்த் திரும்பி வரும்வரை காத்திருந்தேன். "இப்ப வீடுதான் சுத்துது."

நான் மட்டும் எதையும் விடவில்லை.

என் கூடத்தில் ஐஸ் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. வெளியூர் உறவினர் வந்து சேரும்வரை இறந்தவரைக் கிடத்தி வைக்கிற கண்ணாடிப் பெட்டி. என் கணவரை அதில்தான் வைத்திருந்தார்கள். பிறகு தூக்கிக்கொண்டு போனார்கள். எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. ஆகவே நானும் பெட்டியும் வீட்டில் இருந்தோம். வீட்டைக் கழுவிவிட்ட பெண்கள் பெட்டியைச் சுற்றிக் கழுவினார்கள். பிளக்கைப் பிடுங்குவது ஆண்கள் வேலை என்று அவர்கள் நினைத்தார்கள். பெண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஆண்கள் நினைத்தார்கள்.

பெட்டியின் சொந்தக்காரருக்குப் போன் செய்தேன்.

"உள்ள யாரும் இருக்காகளா?" என்றார்.

"யாரும் இல்ல."

"அப்ப அத எறக்கி வச்சுட்டுக் கூப்பிடுங்க."

"எத?"

"யாரும் இல்லைன்னு சொன்னீயள்லா, அத."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கண்ணாடியின் உட்புறத்தில், முகம் இருந்த இடத்துக்கு நேர் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படரும். மறையும். மறுபடி படரும். தூங்குகிறவர் மூச்சு விடும் வேகம்தான். நான் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் வாசித்துக் காட்டுவேன். அவர் தேடித் தேடிச் சிரிக்கும் அச்சுப்பிழை எதையாவது சொன்னால் ஆவி கொஞ்சம் சீக்கிரமாகப் படரும்.

கோமதிநாயகம் வாளியோடு வந்து நின்றார்.

"மதினி, ஒரு பழக்கம்."

"இது பழக்கம் இல்ல."

"பின்ன?"

"வீட்டு ஆளு."

அவர் குனிந்து கண்ணாடியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மறுபடி பார்த்தார்.

"அண்ணாச்சிதான்," என்றார். "ஆனா கடலுக்கு அதெல்லாம் தெரியாது மதினி. எது பழக்கம், எது ஆளுன்னு அது பாக்காது. மீட்டர் ஓடுதான்னுதான் பாக்கும். கீழ பியூலா வீட்டுல தண்ணி நெஞ்சு மட்டும் நிக்கி."

அவர் வெறும் வாளியோடு போனார். அதைத் தூக்கச் சிரமப்பட்டார்.

மறுநாள் பியூலா வந்தாள். முதல் மாடியில் எனக்கு நேர் கீழே இருப்பவள். நிறைமாதம். பாவாடை ஓரத்தில் பாசி பிடித்திருந்தது. வாசலில் நின்று முடியைப் பிழிந்தாள்.

"செயலாளர் அனுப்புனாரா?"

"இல்ல பெரியம்மா. புழுக்கம் தாங்கல. ஒங்க வீட்டுல குளுந்த எடம் ஒண்ணு இருக்காம்லா. கொஞ்சம் சாய்ஞ்சுக்கிடுதேன்."

அவள் கன்னத்தைக் கண்ணாடியில் வைத்தாள். அடியில் ஆவி படர்ந்தது.

"யாரு?"

"பெரியப்பா."

"நல்லாருக்காகளா?"

"இருக்காக."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "தொட்டில உத்தரத்துல கட்டிருக்கோம். அங்கயும் ஈரம் ஏறிட்டு. பெத்துக் கொண்டாந்து பிள்ளைய எங்க கெடத்த? நீந்தப் பழக்கிருவோம்ங்காக எங்க வீட்டுக்காரர். நீந்தட்டும். மொதல்ல அது அழணும்லா. தண்ணிக்குள்ள அழுதா யாருக்குக் கேக்கும்?"

நான் பெட்டியைப் பார்த்தேன். ஆவி படர்ந்தபடியே நின்றது. மறையவில்லை. ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதைப்போல இருந்தது.

பியூலா போன பிறகு அன்றைய பேப்பரை முழுவதும் வாசித்துக் காட்டினேன். விளம்பரங்களையும் விடவில்லை. பிழை ஒன்றும் இல்லை. கடைசிப் பக்கத்தில் நானே ஒன்றை உண்டாக்கிச் சொன்னேன். அவர் ஏமாறவில்லை.

பிளக்கைப் பிடுங்கினேன்.

மோட்டார் நின்ற பிறகுதான் அதுவரை அது போட்ட சத்தம் காதில் உறைத்தது. ஆவி கண்ணாடியில் துளிகளாகத் திரண்டது. துளிகள் சேர்ந்து சட்டத்தின் ஓரமாக வழிந்தன. தரைக்கு வந்து, நாற்காலியைச் சுற்றிக்கொண்டு, கதவுக்கடியில் வெளியே போயின. நான் கதவைத் திறந்து பின்னால் போனேன்.

இசக்கியம்மாள் வீட்டுக் கதவு திறந்திருந்தது.

"எங்க போற?" என்று கேட்டுவிட்டுச் சுற்றிப் போனாள்.

"இவரக் கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்," என்றேன், அவள் முகம் திரும்பி வந்ததும்.

கடல் படிக்கட்டில் இருந்தது. தண்ணீர் அதனிடம் போய்ச் சேர்ந்தது. கடல் எழுந்துகொண்டது. ஒரு படிக்கு மேல் அது இறங்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இறங்கிக்கொண்டே இருந்தது. பியூலாவின் வாசல் தெரிந்தது. பிறகு அவள் வீட்டுத் தரை தெரிந்தது. அவள் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மணலைத் துடைப்பத்தால் வெளியே தள்ளினாள்.

வழக்கமாகக் கடல் சறுக்கிக்கொண்டு இறங்கும். இன்று ஒவ்வொரு படியிலும் நின்றது. சுவரோரமாக ஒதுங்கி, கொஞ்சம் பொறுத்து, அடுத்த படியில் இறங்கியது. அவருக்கு மூட்டுவலி. ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான்.

"மெதுவா எறங்குங்க," என்றேன். "ஒண்ணும் அவசரம் இல்ல."