வில்பிரட் எண்ணிய மூன்று ஆடுகள்

எழுபத்தெட்டு கார்த்திகையில் அடித்த புயல் வேம்பாரின் கூரைகளையும் வலைகளையும் அள்ளிக்கொண்டு போனது. வில்பிரட்டிடம் இருந்த இரண்டு ஆடுகளும் தப்பின. அவன் மனைவி பிளாரன்ஸ் அவற்றை அடுப்படிக்குள் கட்டிப்போட்டிருந்தாள். ஆனால் பிழைப்புக்கு இருந்த ஒரே வலை கந்தலாகிவிட்டது. சர்க்காரோ, செத்த ஆடு மாடுகளுக்குத்தான் முதலில் நிவாரணம் என்றது. செத்த வலையைக் கேட்பாரில்லை.

மூன்றாம் நாள் காலையில், வீட்டுக்குப் பின்னால் உடைமரத்தடியில் மூன்று ஆடுகள் செத்து ஒதுங்கிக் கிடந்தன. உப்பளத்துச் சேறு அப்பி மூன்றும் ஒரே நிறம். கழுத்தில் கட்டியிருந்த சிப்பியைப் பார்த்ததுமே இசக்கித்தாயின் ஆடுகள் என்று வில்பிரட்டுக்குத் தெரிந்துவிட்டது. வடக்கே உப்பளத்தில் கூலிவேலை பார்க்கும் அவளைத் தவிர ஆட்டுக்குச் சிப்பி கட்டுகிறவர்கள் அந்தப் பக்கத்தில் யாருமில்லை. அவளுக்குச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். நம்ம புண்ணியவான் செய்தது என்ன? கயிற்றை அறுத்துச் சிப்பிகளைக் கடலில் எறிந்தான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு அறுத்தான். ஆபீசர் ஜீப்பில் வந்தார், வில்பிரட் எண்ணிக் காட்டியதும் அவன் பேரில் மூன்று என்று எழுதிக்கொண்டார். நோய் பரவும் என்று அங்கேயே மண்ணெண்ணெய் ஊற்றி எரித்துவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்த இசக்கித்தாயிடமும் ஆபீசர் கேட்டார்.

"சாகலைய்யா, மிரண்டு எங்கனயோ ஓடியிருக்கு. உசுரோட இருக்கதைச் செத்துப்போச்சுன்னு சொல்ல எனக்கு நாக்கு வராது" என்றுவிட்டாள்.

அன்றிலிருந்து கரையோரமாகத் தெற்கே நடக்க ஆரம்பித்தாள். "செல்லி! வெள்ளச்சி! ராசாத்தி! பூமயிலு!" என்று கூவிக்கொண்டு வில்பிரட்டின் வாசலைத் தாண்டிப் போவாள், பொழுது சாய வெறுங்கையோடு திரும்புவாள். வேலைக்கும் போகவில்லை. பிளாரன்ஸ் பாவம் பார்த்துக் கஞ்சி ஊற்றுவாள்.

"கடலுக்குப் போறவுக நீங்க. எங்கனயாச்சும் கண்ணுல பட்டாச் சொல்லுங்க அண்ணாச்சி" என்பாள் வில்பிரட்டிடம்.

அவன் தலையாட்டுவான். அந்தத் தலையை வெட்டிப் போட்டால் என்ன என்று அவனுக்கே தோன்றும்.

நிவாரணப் பணம் வந்தது. புது வலைக்கு நூல் வாங்கினான். பின்ன உட்கார்ந்தால் கை ஓடவில்லை. பணத்தைத் தின்றதைக்கூட மனசு எப்படியோ பொறுத்துக்கொண்டது. செத்துப்போனதைத் தேடி ஒருத்தி கால் தேய நடக்கிறாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடுவாள். சொன்னால் ஊரே காறித் துப்புமே என்ற பயத்தில் பதினெட்டு நாளை ஓட்டிவிட்டான்.

பத்தொன்பதாம் நாள் பாதம் வெடித்து நொண்டிக்கொண்டு வந்தாள். வில்பிரட் எழுந்துபோய் வழியை மறித்தான்.

"ஏளா இசக்கி, நடக்காத. அதுக செத்துப்போச்சு. எம் புறவாசல்லதான் கிடந்துச்சு. எம் பேருல எழுதி ரூவா வாங்கிட்டேன். நான் பாவி. வலை நூலை வித்தாவது தந்துருதேன்."

மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்து நின்றான். அவள் பணத்தைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"நாலுமா?"

"மூணு."

அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்போ ஒண்ணு இருக்கு! எது அண்ணாச்சி? செல்லிக்கு நெத்தியில வெள்ளை. பூமயிலுக்கு ஒத்தக் கொம்பு. அங்கன எது கிடக்கலை?"

வில்பிரட் யோசித்துப் பார்த்தான். எவ்வளவு யோசித்தாலும் சேறுதான் ஞாபகத்தில் வந்தது.

"நான் பாக்கலை, இசக்கி. எண்ண மட்டும்தான் செஞ்சேன்."

அவள் கண் நிறைந்துவிட்டது.

"அடப்பாவி! நான் எவ பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன்?"

பிறகு நாலு பேரையும் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே, நொண்டி நொண்டித் தெற்கே போனாள்.