யோவெரின் கடைசி ஃபிலிம்

யோவெரின் மாமன் தியோஃபிலோ அவன் கேமராவைத் திறந்து பார்த்துவிட்டான். லிமாவின் தெற்குக் குன்றில், கொளுத்துகிற வெயிலில், வீட்டு வாசலில் நின்றுகொண்டு பின்மூடியைத் திறந்து, "படம் எங்க இருக்கு, வெறும் பிளாஸ்டிக்தானே இருக்கு" என்று சொல்லி மூடியிருக்கிறான். வெளிச்சம் பட்டால் ஃபிலிம் கருகிப்போகும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்? நல்ல எண்ணத்தில் செய்கிற நாசத்துக்கு எந்த ஊரிலும் குறைவில்லை.

அந்தக் கேமரா இப்போது டீச்சர் நெலிதாவின் மடியில் இருந்தது. எதிரே யோவெரின் அம்மா எவாரிஸ்தா உட்கார்ந்திருந்தாள். யோவெர் போன மாதம் பஸ் கவிழ்ந்து செத்துப்போனான். அவனுடைய போனும் அதே பஸ்ஸில் நசுங்கிவிட்டது. நாளைக்கு இறந்தோர் நாள். குன்றே சாப்பாடும் பீரும் மேளமுமாகக் கல்லறைக்கு ஏறும். அவன் சவப்பெட்டியை வைத்த சுவர்க்குழியை மூடக் கல் தயார். அதில் பதிக்க ஒரு முகம்தான் இல்லை.

வேடிக்கையைப் பாருங்கள். அந்தத் தெருவில் எல்லார் வீட்டுச் சுவரிலும் யோவெர் எடுத்த படம் தொங்குகிறது. ஒன்றிலும் அவன் இல்லை. அடையாள அட்டையில் இருந்தான், திருடன் மாதிரி முழித்துக்கொண்டு. அதைக் கல்லில் பதிக்கப் பெற்றவளுக்கு மனசு வரவில்லை.

"உங்க கிளாசுக்கு வந்தப்புறம்தான் டீச்சர் அவன் படத்துல நிக்கிறதையே விட்டான்" என்றாள் எவாரிஸ்தா. "கூப்பிட்டா, படம் எடுக்கிறவன் நிழல்கூட படத்துல விழக்கூடாதுன்னு எங்க டீச்சர் சொல்லிருக்காங்கம்பான். நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன்."

சொன்னதுதான். நெலிதா பத்திரிகையில் இருந்த காலத்தில் மந்திரிகளையும் ஊர்வலங்களையும் கண்ணீர்ப்புகையையும் எடுத்தவள். பத்திரிகை ஆளைக் குறைத்தபோது முதலில் போனது அவள் வேலைதான். அதற்குப்பிறகு மாதா கோயில் கூடத்துக்குப் பின்னால் பழைய குளியலறையை இருட்டறையாக்கி, குன்றுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறாள். 'உன்னைக் காட்டாதே, எதிரில் இருப்பவனைக் காட்டு' என்று தொண்டை வற்றக் கத்தியிருக்கிறாள். மற்றவர்கள் காதில் வாங்கவில்லை. யோவெர் வாங்கினான்.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. அவன் சாவதற்கு முந்தின வாரம் அவள் கொடுத்த வீட்டுப்பாடம், 'உன் முகத்தைப் படமெடுத்து வா. கண்ணாடி கூடாது, கையை நீட்டி உன்னையே எடுக்கவும் கூடாது.' எப்படியாவது எடுத்திருப்பான். ஆனால் கடைசியாக எடுத்த படங்கள் சுருளின் வெளிச்சுற்றில் இருக்கும். மாமன் காட்டிய வெயில் முதலில் தின்றிருப்பது அதைத்தான்.

"நானும் இருட்டறைக்குள்ள வருவேன்" என்றாள் எவாரிஸ்தா.

"இருட்டா இருக்கும். மருந்து நெடி வேற."

"நாள் பூரா எண்ணெய்ப் புகையில நின்னு பிக்கரோன் பணியாரம் சுடுறவ நான். இந்த நெடி என்னை என்ன பண்ணும்?"

கூட வந்திருந்த தியோஃபிலோவை வெளியே நிறுத்திவிட்டு நெலிதா கதவைச் சாத்தினாள். கன்னங்கரிய இருட்டில் ஃபிலிமை மருந்தில் கழுவுவதற்கான சக்கரத்தில் ஏற்றவேண்டும். வாழ்நாளெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. இன்று உள்ளங்கை வியர்த்து, ஃபிலிம் பாதியில் ஒட்டிக்கொண்டது. இழுத்தால் கிழியும்.

"என்ன டீச்சர், சத்தத்தையே காணோம்?"

"ஒண்ணுமில்ல. பேசாம இருங்க."

"பயமா இருக்கா?"

"ஆமா."

நெலிதா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, சுருளைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி ஏற்றினாள். ஏறியது. மருந்து ஊற்றிக் குலுக்கி, கொட்டி, அடுத்த மருந்தை ஊற்றி, கடைசியில் கழுவி விளக்கைப் போட்டு அதற்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

முதலில் மூன்று நாய்கள். தண்ணீர் லாரி. ஓடுகிற பிள்ளைகள். அப்புறம் ஓரத்திலிருந்து கருப்பு ஏறி ஏறி, கடைசியில் எல்லாமே கரி. அந்தக் கரி தொடங்குகிற இடத்தில், பாதி தின்னப்பட்ட ஒரு கட்டத்தில், ஒரு முகம்.

"இது அவன்தானே?" எவாரிஸ்தா அவள் தோளை இறுக்கிப் பிடித்தாள்.

நெகட்டிவில் முகம் கருப்பாகவும் முடி வெளுப்பாகவும்தான் தெரியும். ஆனால் அந்தத் தாடை, அந்த அகன்ற கன்னம்! "தாடை அவனோடது மாதிரிதான் இருக்கு" என்றாள் நெலிதா. சொல்லியிருக்கக் கூடாது. அடுத்த நொடியே எவாரிஸ்தா, "தியோ, கிடைச்சுட்டான்டா" என்று கதவைத் தட்டிச் சொல்லிவிட்டாள்.

ஃபிலிம் உலர்ந்ததும் நெலிதா அந்தக் கட்டத்தைக் காகிதத்தில் பதித்து மருந்துத் தட்டில் போட்டாள். சிவப்பு விளக்கில், தட்டில் கிடந்த காகிதத்தில் முதலில் தாடை வந்தது. பிறகு கன்னம். பிறகு எண்ணெய்ச் சட்டியைக் குனிந்து பார்க்கும் எரிச்சலான இரண்டு கண்கள், காதோரம் நரைமுடி.

"இது நான்" என்றாள் எவாரிஸ்தா.

நெலிதா தட்டுக்கு மேல் குனிந்து பார்த்தாள்.

"என் மூஞ்சியை நான் தினம் பாக்குறேனே டீச்சர். நான் என் பிள்ளையை இல்ல கேட்டேன்?"

"நான் குடுத்த வீட்டுப்பாடம் இது" என்றாள் நெலிதா. "உன் முகத்தை எடுத்துட்டு வான்னேன். அவன் இதை எடுத்திருக்கான்."

எவாரிஸ்தா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்குக் கேட்டான். ம்மா, ஒரு தடவை இந்தப் பக்கம் திரும்பு, வீட்டுப்பாடம்னான். எண்ணெய் காயுது, போடான்னேன். திரும்பவே இல்ல நான்."

கதவைத் திறந்ததும் தியோஃபிலோ எட்டிப் பார்த்தான். படத்தைக் கண்டு முகம் வெளிறியது. "அக்கா, இதையா கல்லுல வைக்கப் போற? உசுரோட இருக்கிறவ படத்தைக் கல்லறையில வச்சா அடுத்த குழி அவளுக்குத்தான். தெரியாதா உனக்கு?"

"இதை வைக்கப் போறதில்ல. இது என் வீட்டுக்கு" என்றாள் அவள். "டீச்சர், உங்க கேமராவை எடுங்க. என்னை எடுங்க."

"இப்பவா?"

"இப்பவேதான். அதைக் கல்லுக்கு அந்தப் பக்கம், உள்ள பாக்குற மாதிரி ஒட்டணும். வெளியில பேரு மட்டும் போதும்."

"அப்ப அதை யாரு பாக்குறது?" என்றான் தம்பி.

"கேட்டவன் பாப்பான்."

நெலிதா அவளை வெளியே கூடத்து ஜன்னலோரம் நிறுத்தினாள். கேமராவைக் கண்ணில் வைத்தாள். கண்ணின் ஈரத்தில் ஒன்றும் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள். எவாரிஸ்தா ஏப்ரனில் கையைத் துடைத்து, சுவர்ப் பக்கமிருந்து மெதுவாகத் திரும்பி, லென்ஸுக்குள் நேராகப் பார்த்தாள்.

"திரும்பிட்டேன்டா. எடு" என்றாள்.