அஞ்சியஞ்சிக் கட்டிய குடில்

கிழக்கே கரையை ஓயாது அறைந்துகொண்டிருக்கும் கருங்கடலும், மேற்கே அறுவடை முடிந்து தாளடி மட்டும் எஞ்சிக் கிடக்கும் நெல்வயல்களும், இவ்விரண்டிற்கும் நடுவே பள்ளிவாசல் உயர்மாடங்களை ஏந்தியவாறு நெடுஞ்சாலையோரம் நெருங்கிக் குடியிருக்கும் நிந்தவூரும், பங்குனித் திங்களின் அந்திச் செவ்வொளியில் மருதோன்றியிட்ட மணமகள் கைபோற் சிவந்திருந்த வேளையிலே, வயல் நடுவே தனித்து நின்ற மருதமரத்துப் பரண்மீது, வெளியே வீறும் உள்ளே நடுக்கமுமாய் வீற்றிருந்தார் அப்துல் ஸமட். மரத்தடியில் அவரது புதுக்குடில். ஆண்டு முழுவதும் அங்கே தனித்து வாழ்வதென்று அன்றைக்குத்தான் குடிபுகுந்திருந்தார்.

நல்லறிவுடையீர், கல்முனைக் கடைத்தெருவில் துணி அளந்தே நரைத்த இம்மனிதரின் நெஞ்சுரம் எத்தகையதென்பதை அயலார் அனைவரும் அறிவர். கூரையில் பூனை குதித்தாலும் "ஹாஜறா!" என்று அலறுவார், அவர் மனைவியாகிய அவ்வம்மையார் எழுந்து சென்று பூனையை அதட்டிவிட்டு வந்து படுப்பார். சுவர்கள் நெருங்கிய ஊரிலே இதெல்லாம் மறையுமோ? அவ்வம்மையாரும் சென்ற ஆண்டு மறைந்தார். அவர் வாழ்ந்த வீடோ, ஊர்வழக்கப்படி இளையமகள் ஸப்னாவுக்குச் சீதனமாயிற்று. மருமகன் றாஸிக் அவ்வீட்டிற்கு வந்து சேர்ந்தான். மாமனாரை அவன் விரட்டிவிட்டானென்று தேநீர்க்கடையில் கதை கட்டினார்கள். உண்மை அதுவன்று. இக்கரையோரத்து ஆண்மகன் பிறப்பது தாயின் வீட்டில், மணந்து வாழ்வது மனைவியின் வீட்டில், முதுமையில் ஒதுங்குவது மகளின் வீட்டில் என்பதையும், தமக்கென ஒரு கூரை ஒருநாளும் இருந்ததில்லை என்பதையும், முள் தைத்தாற்போல் திடீரென உணர்ந்துவிட்டார் அப்துல் ஸமட்.

"வாப்பா, மாரி மழைக்கு என்ன செய்வீங்க? அங்க மூச்சடங்கி மௌத்தாகிக் கிடந்தா ஆருக்குத் தெரியும்?" என்று அழுதாள் ஸப்னா.

"எல்லாத்துக்கும் ஆயத்தமாத்தான் போறன், மகள். எனக்கெண்டு ஒரு கூரைக்குக் கீழ கிடந்திட்டு மௌத்தாகிறன்."

ஆயத்தமென்றால் அப்படியோர் ஆயத்தம்! மழையை அஞ்சித் தார்ப்பாய் வாங்கினார். பாம்பை அஞ்சி மண்ணெண்ணெய் வாங்கினார். யானையை அஞ்சி வெடி வாங்கினார். வெள்ளத்தில் பட்டினி கிடக்க நேருமென்றஞ்சி நெல்மூட்டைகளையும் உப்பு மூட்டையையும் குடிலுக்குள் அடுக்கினார். தீப்பெட்டி நனைந்துவிடுமென்றஞ்சி, அதைப் பைக்குள் பையாகப் பொதிந்து, துணிக்கடைக்காரருக்கே கைவந்த இறுக்கத்தோடு முடிச்சின்மேல் முடிச்சிட்டார். வாங்கிய ஒவ்வொரு பொருளும் ஓர் அச்சத்தைத் தணித்து மற்றோர் அச்சத்தை ஈன்றது.

அடுத்த வயலுக்குரியவரும் காரைதீவைச் சேர்ந்தவருமாகிய வேலப்போடி, அன்று பிற்பகல் அக்களஞ்சியத்தைக் கண்டு வாய்விட்டு நகைத்தார். "முதலாளி, கலியாண வூட்டுச் சாமானெல்லோ அடுக்கியிருக்கிறீங்க! ஆனைக்கு மூக்கு நீளம். நெல்லையும் உப்பையும் ஊருக்கு அனுப்பிப்போட்டுப் படுங்க."

"வெடி வைச்சிருக்கன், போடியார்."

"ஓம், ஓம். அப்ப விருந்து நடக்கட்டும்."

ஊர்ப்பக்கமிருந்து மஃரிப் தொழுகைக்கான அழைப்பொலி காற்றில் மிதந்து வந்து தேய்ந்த பொழுதில், வரம்போரத்துப் புதர்ப்பற்றை அசைந்தது; அசைந்தது பற்றையன்று, மேகம் தரையிறங்கி நடந்தாற்போல் ஒரு கொம்பன். அது குடிலை நோக்கி, அழைக்கப்பட்ட விருந்தினர்போல் அவசரமின்றி ஆறுதலாக வந்தது. அப்துல் ஸமட் வெடியை எடுத்தார், தீப்பெட்டிப் பொதியைப் பற்றினார், முடிச்சு அவிழவில்லை. விரல்கள் நடுங்க நடுங்க முடிச்சு இறுகிற்று; பல்லாற் கடித்தார்; பல்லும் நடுங்கிற்று. கீழே சுவர் சரிந்தது. மூட்டை கிழிந்து நெல் சொரியும் ஓசையும், அவ்வுயிரின் பெருமூச்சும், மரம் அதிரும் அதிர்வும் ஒருங்கே எழுந்தபோது, அவர் நாவில் ஓதக்கற்ற எதுவும் எழாமல், "ஹாஜறா! ஹாஜறா!" என்ற பெயரே வெடித்தது. எவரும் எழுந்து வரவில்லை. கொம்பன் நெல்லை உண்டு, உப்பைத் துழாவி, வந்த வழியே சென்றது.

அவ்வலறல் கேட்டு வேலப்போடி பந்தத்தோடு ஓடிவந்தார். இரவுச்சோற்றைக் கொண்டு வழியில் வந்துகொண்டிருந்த றாஸிக்கும் அவர்பின்னே ஓடிவந்தான்.

"மாமா! உசிரோட இரிக்கீங்களா?"

"இரிக்கன் போலதான்."

"இறங்குங்க, வூட்ட போவம்."

"வூடு இதுதான், மகன். சுவர் மட்டும்தான் போயிட்டு."

வேலப்போடி சிரித்துவிட்டார். றாஸிக் சிரிக்கவில்லை, தலைகவிழ்ந்து, "அங்க உங்கட சாய்வுக் கதிரையில இருக்க எனக்கும் பயம்தான், மாமா. அதுவும் என்ர வூடில்லையே," என்றான். அப்துல் ஸமட் பரணிலிருந்து இறங்கி, சரிந்த சுவர்மீது தம் பக்கத்தில் இடம் ஒதுக்கி அவனை அமரவைத்தார்.

குடில் மீண்டும் எழுந்தது. அதனுள் இப்போது ஒருமணி நெல்லுமில்லை. நாடோறும் இருள் திரளுமுன் மகளின் சோற்றுப்பொதியைச் சுமந்துவருகிறான் றாஸிக். கொம்பனை அழைக்கும் மணம் எஞ்சாதபடி இருவரும் உண்டு முடித்தபின்னரே திரும்புகிறான். மகளின் அடுப்பை நம்பித் தொங்கும் அவ்வாழ்வுக்குத் தனிவாழ்வென்று பெயர் சூட்டியிருப்பதை எண்ணித் தேநீர்க்கடை இன்னும் சிரிக்கிறது. அவரோ இன்னும் அஞ்சுகிறார். இலை அசைந்தால் ஹாஜறாவின் பெயரையே அழைக்கிறார். மழைக்கும் பாம்புக்கும் யானைக்கும் ஆயத்தம் செய்தவர், அழைத்தால் எழுந்துவர ஒருவரில்லாத இருளுக்குமட்டும் ஏற்ற பொருளை எக்கடையிலும் கண்டாரில்லை. ஆயினும், தம் கூரையின் கீழேயே நடுங்குகிறார்.