டேஞ்சர் போட்டால் நேரே

நாற்சந்தியில் இடது பக்கம் திரும்ப இடது விளக்கைப் போடுவீர்கள், வலது பக்கம் திரும்ப வலது விளக்கைப் போடுவீர்கள், நேராகப் போக வேண்டுமென்றால் எதைப் போடுவீர்கள்? ஒன்றும் போட வேண்டாம் என்பவர்கள் செங்கல்பட்டுப் பக்கம் வண்டி ஓட்டியிருக்க மாட்டார்கள். காசிநாதனைக் கேட்டால் யோசிக்காமல் சொல்வார். கல்யாணம், காதுகுத்து, ஏர்போர்ட் என்று சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டுகிறவர் அவர். வண்டியில் சிவப்பு முக்கோணம் போட்ட ஒரு பொத்தான் இருக்கிறதல்லவா, அதை அமுக்கினால் இடதும் வலதும் சேர்ந்தாற்போல மினுக்கும். இடதும் இல்லை, வலதும் இல்லை, அப்படியென்றால் நேரே. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அந்தப் பொத்தானுக்கு அவர் வைத்திருந்த பெயர் டேஞ்சர் லைட்.

டேஞ்சர் என்ற சொல் அவர் வாயில் சோற்றுக்கு உப்பு மாதிரி. வெயில் ஏறினால் டேஞ்சரு. எதிர்வீட்டுக்காரன் டேஞ்சரான ஆளு. மனைவி பிரபா வைக்கும் வஞ்சிரமீன் குழம்பு நன்றாக அமைந்துவிட்டால் "டேஞ்சரா கீது" என்று இன்னொரு கரண்டி கேட்பார். ஆபத்து ஒன்றுக்கு மட்டும் அவர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியதில்லை. மகள் துர்காதேவி மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள், தானே டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் ஓட்டக் கற்றவள். அவள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். "அப்பா, அது வண்டி நின்னு போச்சுன்னா போடுறதுப்பா. பின்னாடி வர்றவன் பாத்து வரணும்னு."

"நின்னு போன வண்டிக்கு எதுக்கு லைட்டு? அதான் நின்னுகினு கீதே, அவனுக்குக் கண்ணு தெரியாதா?"

துர்கா டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை துர்காவைப் பெண் பார்க்கக் கருங்குழியிலிருந்து ஹரிஹரன் வீட்டார் வந்தார்கள். பையன் நாவலூரில் வேலை, படூரில் வாடகை ஃபிளாட், சனி ஞாயிறு கருங்குழியில் அம்மாவோடு. பார்க்கிற இடம் மாமல்லபுரத்துப் பெருமாள் கோயில் என்று பேச்சு. வீட்டில் வைத்துப் பார்த்தால் தெருவே பார்க்கும், கோயிலில் பார்த்தால் சாமி மட்டும்தான் பார்க்கும் என்பது பிரபாவின் கணக்கு. தெருவுக்குப் பயப்பட அவளுக்குக் காரணம் இருந்தது. இதற்கு முன்னால் வந்த இரண்டு இடமும் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள்தான். சொல்லி அனுப்புறோம் என்றால் சொல்லி அனுப்ப மாட்டோம் என்று அர்த்தம். இது தெருவில் எல்லாருக்கும் தெரியும். அந்த இரண்டு தடவையும் துர்கா போட்டோவை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தவள். இந்தத் தடவை மறுநாளும் வந்து, "அந்த போட்டோ எங்கம்மா?" என்று கேட்டாள். காசிநாதன் சட்டைக்குப் பொத்தான் போடுகிற மாதிரி குனிந்துகொண்டு அதைக் கேட்டார். கேட்டதிலிருந்து அவருக்குச் சரியாகத் தூக்கமில்லை.

நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் முகம் பார்த்துவிட வேண்டும் என்று பையனின் அம்மா பூவாயி முன்கூட்டியே கறாராகச் சொல்லியிருந்தார். பையன் போனில் வழி பார்த்து வருகிறேன் என்றான். "போனுல வர்ற பொம்பள சொல்றதக் கேப்ப, பொண்ணோட அப்பா முன்னாடி போறாரு, அவரு பின்னாடி போ" என்று பூவாயி அவனை அடக்கினார். ஆகவே செங்கல்பட்டில் சந்தித்து, காசிநாதனின் வெள்ளைக் கார் முன்னாலும் ஹரிஹரனின் பழைய சாம்பல் நிறக் கார் பின்னாலுமாகக் கிளம்பின. பிரபா பின்சீட்டில் பூவையும் பழத்தட்டையும் மடியில் வைத்திருந்தாள். துர்கா முன்சீட்டில் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு நாற்சந்தி. காசிநாதன் பொறுப்பான ஆள். பின்னால் வருகிற பிள்ளைக்கு வழி தெரியாது, குழம்பிவிடக் கூடாது என்று முன்கூட்டியே முக்கோணத்தை அமுக்கினார். துர்கா "அப்பா" என்று ஆரம்பித்தாள். "சும்மா இரு, அவருக்குப் புரியும்" என்றார். கண்ணாடியில் பார்த்தார். சாம்பல் காரிலும் நாலு விளக்கும் மினுக்கத் தொடங்கியிருந்தது.

"பாத்தியா? அவரும் போட்டாரு. நேரா வர்றாரு. சூட்டிகையான புள்ள."

மாப்பிள்ளை தன்னைப் போலவே ஓட்டுகிறான் என்ற சந்தோஷத்தில் வண்டியைக் கொஞ்சம் விரட்டினார். இரண்டு ஊர் தாண்டிய பிறகுதான், கண்ணாடியில் ஒரு மாட்டையும் பால்காரரையும் தவிர யாரும் வரவில்லை என்பது தெரிந்தது. போன் அடித்தது, ஸ்பீக்கரில் போட்டார்.

"அங்கிள், உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்றான் ஹரிஹரன்.

"எங்களுக்கு இன்னா? நீங்க எங்க கீறீங்க?"

"நீங்க ஹசார்ட் போட்டீங்க. ஏதோ பிராப்ளம்னு நாங்களும் ஓரங்கட்டி நின்னுட்டோம். நீங்க போயிட்டே இருக்கீங்க!"

"நேரா போறேன்னு போட்டேன் தம்பி. நீங்க எதுக்குப் போட்டீங்க?"

"நின்னுட்டேன்னு போட்டேன் அங்கிள்."

துர்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று காசிநாதனுக்குத் தெரியவில்லை. "அங்கிள்னுதானே கூப்டுது அந்தப் புள்ள? மாமான்னு வர்லியே" என்றாள் பிரபா பின்னாலிருந்து, தன் கவலை தனக்கு என்பதுபோல.

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தபோது, சந்தியோரம் ஞானதாஸ் டீக்கடையின் நிழலில் பூவாயி இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். "அண்ணே, ஹசார்ட்டுன்னா இன்னான்னு இவனக் கேட்டேன். ஆபத்தாம். நல்ல காரியத்துக்குப் போறப்ப ஆபத்துன்னு வெளக்கு போட்டுகினா கூட்டிகினு போவீங்க?"

பெண்ணிடம் குறை, ஜாதகத்தில் குறை என்றால் காசிநாதன் பதில் தயாராக வைத்திருந்தார். விளக்கில் குறை வரும் என்று அவர் நினைக்கவே இல்லை. "அது டேஞ்சர் லைட்டும்மா. ஆனா டேஞ்சர் இல்ல. நம்ம பக்கம் அதுக்கு நேரான்னு அர்த்தம். வேணும்னா கேளுங்க. இன்னாப்பா, நாலும் போட்டா இன்னா?"

"நேராதான்" என்றார் ஞானதாஸ், டீ ஆற்றுவதை நிறுத்தாமல். பெஞ்சில் இருந்தவர்களும் ஆமாம் என்றார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு அரசுப் பேருந்து நாலையும் மினுக்கிக்கொண்டு நேராகப் போனது. காசிநாதன் சாட்சி கிடைத்தவர்போல நிமிர்ந்தார். பின்னாலேயே ஒரு மணல் லாரியும் நாலும் மினுக்க வந்தது.

"பாருங்க, இவனும் நேராதான் போவான்."

லாரி இடது பக்கம் திரும்பிப் போய்விட்டது.

அப்போது காருக்குள்ளிருந்து சிரிப்பு கேட்டது. அடக்கி அடக்கி அடக்க முடியாமல் வருகிற சிரிப்பு. துர்கா கதவைத் திறந்து இறங்கிவிட்டாள். பூ இன்னும் தலைக்கு ஏறவில்லை, அம்மாவின் மடியில்தான் இருந்தது. ஹரிஹரனும் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்த்து, "உங்க ஹசார்ட் இன்னும் எரிஞ்சுகினே கீது. பேட்டரி எறங்கிடப் போவுது" என்றாள்.

அவன் ஓடிப்போய்ச் சாவியைத் திருகினான். வண்டி நோயாளி மாதிரி இரண்டு முறை முனகிவிட்டு அடங்கியது. ஏற்கெனவே வயசான பேட்டரி.

"இப்பதான் நெஜ டேஞ்சரு" என்றார் ஞானதாஸ்.

வேறு வழியில்லை, தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். ஹரிஹரன் உள்ளே உட்காரப் போனான். "தள்ளுறதுக்கு ஆள் வேணும், நீங்க எறங்குங்க, நான் கிளட்ச் பாத்துக்குறேன்" என்று துர்கா உட்கார்ந்துவிட்டாள். பட்டுப்புடவையைச் சுருட்டி முழங்காலுக்கடியில் செருகிக்கொண்டாள். காசிநாதனும் ஹரிஹரனும் டீக்கடையில் இருந்தவர்களும் பின்னால் கை கொடுத்தார்கள். வேட்டியில் தூசி அப்பியது. மாமனாராக வேண்டியவரும் மாப்பிள்ளையாக வேண்டியவனும் தோளோடு தோள் இடித்து மூச்சு வாங்க, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி உறுமியது. துர்கா ஜன்னலில் தலையை நீட்டி, "விட்றாதீங்க, இன்னும் கொஞ்சம்!" என்று கத்தினாள். பெண் பார்க்க வந்தவர்கள் பார்த்தது அந்த முகத்தைத்தான்.

பிறகு மாமல்லபுரம் போனார்கள். அதற்குள் ராகுகாலம் பிறந்துவிட்டது. கோயில் மண்டபத்தில் எதிரெதிரே உட்கார்ந்தபோது பூவாயிக்கு ஒரே குழப்பம். பெண் பார்த்தது எப்போது என்று கணக்கு வைப்பது? ரோட்டில் என்றால் நல்ல நேரம், ஆனால் ஆபத்து விளக்குக்குக் கீழே. கோயில் என்றால் பெருமாள் சாட்சி, ஆனால் ராகுகாலம். பக்கத்திலிருந்த அர்ச்சகரைக் கேட்டார். அவர் பெருமாளைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கடற்கரையில் நின்றார்கள். 'அபாயம், இங்கே குளிக்காதீர்' என்று பெரிய பலகை நட்டிருந்தது. குளிக்கிறவர்கள் எல்லாரும் தங்கள் சட்டைகளை அதன்மேல்தான் தொங்கவிட்டிருந்தார்கள். ஹரிஹரன் அதைப் பார்த்துவிட்டு, காசிநாதன் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டான்.

"அங்கிள், ஒண்ணு கேக்கலாமா? நேரா போறதுக்கு டேஞ்சர் போட்டுட்டீங்க. நெஜமாவே டேஞ்சர் வந்தா இன்னா போடுவீங்க?"

காசிநாதன் கடலைப் பார்த்தார். யாரும் அவரை இப்படிக் கேட்டதில்லை. கொஞ்ச தூரத்தில் துர்கா அலைக்குப் பயந்து புடவையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள், மறுபடி முன்னால் போனாள். "தெரியல தம்பி" என்றார். "இத்தினி நாளா வந்ததில்ல. இன்னைக்குத்தான் வந்துச்சு. ஒண்ணும் போடத் தோணல, சும்மா நின்னுகினு இருந்தேன்."

ஹரிஹரன் சிரிக்கவில்லை.

கிளம்பும்போது பூவாயி பிரபாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லி அனுப்புறோம்" என்றார். திரும்பி வரும் வழியில் அந்த நாற்சந்தி வந்தது. காசிநாதனின் விரல் முக்கோணத்துக்குப் போய், அப்படியே நின்று, கியருக்கு வந்துவிட்டது. ஒன்றும் போடாமல் நேராகப் போனார்.

மறுநாள் காலை காசிநாதன் பைபாஸ் சந்திப்பில் வண்டியை நிறுத்திவிட்டு ஏர்போர்ட் சவாரிக்காகக் காத்திருந்தார். கருங்குழிப் பக்கமிருந்து சாம்பல் நிறக் கார் வந்தது. ஓட்டிவந்த ஹரிஹரன் அவரைப் பார்த்ததும் முக்கோணத்தை அமுக்கினான். நாலு விளக்கும் மினுக்க, கார் நேராகப் போனது.