நெய்ப்பந்தம்

ஆதிலட்சுமியின் மாமனார் ஏகாம்பரத்தின் பாடை வாசலில் தயாராகிக்கொண்டிருந்தது. கன்னியப்பன் பெண்டாட்டியை மாட்டுக்கொட்டகைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனான்.

"பேரப்புள்ளய பந்தம் புடிக்கக் கூப்புடறாங்க. ஜொரம்னு சொல்லிடு."

ஆதிலட்சுமி வாசலில் நின்ற பையனை எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தானே கீறான். ஏன்யா?"

"அது எங்கப்பனுக்கு வழி காட்டற வெளக்கு. எவன் ரத்தமோ புடிச்சா சாமிக்கு அடுக்குமா?"

கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லை. குறை கன்னியப்பனிடம் என்று மெட்ராஸ் டாக்டரம்மா சொன்னாள். முகம் தெரியாத ஒருவனின் உயிரணுவை ஊசிக்குழாயால் உள்ளே வைக்கிற வைத்தியம் உண்டு என்றாள். "பாவமாச்சே" என்று ஆதிலட்சுமி அழுதாள். அவன்தான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். உத்திரமேரூரில் தலைகாட்ட முடியவில்லை என்றான். செத்தாலும் வெளியே சொல்வதில்லை என்று குலதெய்வத்தின் முன் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் வாங்கினான். அப்படிப் பிறந்தவன்தான் பஞ்சாட்சரம். இப்போது கன்னியப்பனே ரத்தம் என்கிறான்.

வேறு வழி தெரியாமல் அவள் போய் ஜுரம் என்றாள். நாத்தனார் பவளம் பையனின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஜில்லுனு கீது, அண்ணி! அப்பா உசுரையே இவன்மேல வெச்சிருந்தாரே. ஏன் தடுக்கறே?"

ஒப்பாரி நின்றது. பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கன்னியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். புருஷன் சொல்லைக் கேட்டால் ஊர் காரணம் கேட்கும். காரணத்தைச் சொன்னால் சத்தியம் போகும். ஆதிலட்சுமி பையனை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எரிகிற பந்தத்தை அவன் பிஞ்சுக் கையில் வைத்துத் தன் கையால் மூடிப் பிடித்தாள்.

"தாத்தாவ சுத்தி வரலாம் வாடா, பஞ்சு."

சுற்றி வரும்போது புருஷன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

சுடுகாட்டிலிருந்து திரும்பிய கன்னியப்பன் ஈரத் தலையோடு கிணற்றடியில் உட்கார்ந்திருந்தான். அவள் துண்டை நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"நாளைக்கு எனக்குக் கொள்ளி வெக்கப்போறதும் இவன்தானே?"

குரலில் கோபம் இல்லை; பயம் இருந்தது.

"வேற யாரு கீறாங்க நமக்கு?" என்றாள்.

பஞ்சாட்சரம் ஓடிவந்து "நைனா" என்று அவன் காலைக் கட்டிக்கொண்டான். கன்னியப்பன் தூக்கவும் இல்லை, விலக்கவும் இல்லை. உள்ளேயிருந்து பவளம் சாப்பிடக் கூப்பிட்டாள். ஆதிலட்சுமி துண்டோடு அங்கேயே நின்றாள்.