சூட்டுத் திண்டு

அந்த ரொட்டிக் கடையில் அடுப்புக்காரர் என்றால் அவர் ஒருவர்தான். பதினோரு வருடமாக அடுப்பு வாயின் முன்னால் நின்று ரொட்டியை உள்ளே தள்ளி வெளியே இழுப்பது அவர் வேலை. கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? எல்லா வாயும் அவர் மனைவி பக்கமே திரும்பின. அவள் ஊசி, மாத்திரை, ஸ்கேன் என்று எல்லாம் பார்த்து ஓய்ந்த பிறகுதான் ஐயா தம் பங்குக்குப் பரிசோதனைக்குப் போனார். போனதே பெரிய தயவு என்ற நினைப்பு வேறு.

முடிவு வந்தது. விந்தணுக்கள் எண்ணிக்கையிலும் குறைவு, ஓட்டத்திலும் குறைவு. என்ன வேலை செய்கிறார் என்று டாக்டரம்மா கேட்டார். உடம்பின் மற்ற இடங்களைவிட விதைப்பை சற்றுக் குளிர்ச்சியாக இருந்தால்தான் அணுக்கள் ஒழுங்காக உருவாகும், நாள் முழுக்க அடுப்பு முன்னால் நின்றால் எப்படி என்றார். சிகரெட்டையும் விடச் சொன்னார். புது அணுக்கள் உருவாகி வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும், சூட்டை விட்டு விலகியிருந்து பாருங்கள், நிச்சயம் என்று சொல்ல மாட்டேன், வாய்ப்பு உண்டு என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவி ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டது.

சூட்டை விட்டு விலக ஒரே வழி, மாவு பிசைகிறவரோடு வேலையை மாற்றிக்கொள்வது. அவரோ மூன்று பிள்ளைக்காரர், வாயைத் திறந்தால் கேலி. அவரிடம் காரணத்தைச் சொல்வதற்கு அடுப்புக்குள் தலையை விட்டுவிடலாம் என்றிருந்தது அடுப்புக்காரருக்கு. இரண்டு நாள் மென்று விழுங்கி, மூன்றாம் நாள் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் நின்று சொல்லிவிட்டார். பிசைகிறவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த மாவைத் துடைத்துவிட்டு அடுப்பு முன்னால் போய் நின்றார், அவ்வளவுதான். முதலாளி கேட்டதற்கு, பிசைந்து பிசைந்து தனக்குத் தோள்வலி என்று ஒரு பொய்யும் சொன்னார்.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. எண்ணிக்கை துளிகூட ஏறவில்லை. சிகரெட்டையும் விட்டாயிற்று, அடுப்பையும் விட்டாயிற்று, இனி எதை விடுவது என்று அடுப்புக்காரர் இடிந்துபோனார்.

மறுநாள் டீ நேரத்தில் பிசைகிறவர் அவரையே உற்றுப் பார்த்தார். அடுப்பின் பின்சுவரை ஒட்டி ஒரு செங்கல் திண்டு உண்டு. எப்போதும் சுடச்சுட இருக்கும். இடுப்புவலிக்கு இதம் என்று, ஓய்வு கிடைத்தபோதெல்லாம் அடுப்புக்காரர் உட்காருவது அங்கேதான். வேலை மாறியும் உட்காரும் இடம் மாறவில்லை.

"ஏன் தம்பி, முன்வாசல் வழியா வெளிய போயிட்டு, பின்வாசல் வழியா வந்து அடுப்பு மேலயே உக்காந்திருக்கியே?"

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். சொன்ன மறுநாளே அடுப்புக்காரரின் கால்கள் தாமாக அங்கே போய் நின்றன. உட்கார இடமில்லை. திண்டு முழுக்கக் காலி ரொட்டித் தட்டுகள். அன்று முதல் தினமும் டீக்கு முன்பே பிசைகிறவர் அவற்றை அங்கே அடுக்கிவிடுவார், ஒருநாள்கூட மறந்ததில்லை.

அடுத்த பரிசோதனையில் எண்ணிக்கை ஏறியிருந்தது. அதற்கு இரண்டு மாதம் கழித்து, நாள் தள்ளிப் போயிருக்கிறது என்றாள் மனைவி. பார்க்க வந்த அவருடைய அக்கா, ஒருவழியாக இவளுக்குச் சரியாயிற்றே என்று ஆரம்பித்ததும் அவர் குறுக்கிட்டார். சரியாக வேண்டியது இவளுக்கில்லை, எனக்கு என்றார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

சேதி சொல்லக் கடைக்கு ஓடினார். அடுப்பு முன்னால் பிசைகிறவர் நின்றிருந்தார். இரண்டு முழங்கைகளிலும் சூடுபட்ட தழும்புகள், எட்டு மாதத் தழும்புகள். கூடப்பிறந்தவன்கூட இவ்வளவு செய்திருக்க மாட்டான்.

"அண்ணே, நீங்க இல்லேன்னா இது நடந்தே இருக்காது. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நாளையிலேருந்து நானே அடுப்புக்கு வந்துடறேன்."

பிசைகிறவர் திரும்பாமல் அடுத்த ரொட்டியை உள்ளே தள்ளினார்.

"போய் மாவப் பிசை. ரெண்டாவது பொறந்ததுக்கு அப்புறம் பாத்துக்கலாம்."