வாள் பிடித்த கை

பிஸ்கட் ஆலையின் புது முதலாளிக்கு அதிகாரம் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அது இன்னும் அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. ஆகவே வாளும் கையுமாகத் தன்னை வரையச் சொல்லி, வரவேற்புக் கூடத்தில் மாட்ட முடிவு செய்தார். வேலை என் அக்காவுக்கு வந்தது. அவளுக்கு அதுதான் முதல் பெரிய வேலை. படம் கூடத்தில் தொங்கினால் ஊரே பார்க்கும். இல்லையென்றால் எங்கள் வீட்டுப் பரண் பார்க்கும்.

"வாள் எதுக்கு சார், பிஸ்கட் வெட்டவா?" என்றேன். அக்கா என் காலை மிதித்தாள்.

"படத்துல தலைவன்னா கையில வாள் இருக்கணும் தம்பி. பார்த்ததும் பயம் வரணும்" என்றார் முதலாளி.

நாடகக் குழுவிடம் வாடகைக்கு எடுத்த இரும்பு வாள். அவர் அதைத் தூக்கினார். சற்று நேரத்தில் அது அவரை இறக்கியது. "முகம் முடிஞ்சுதுல்ல? கைக்கு வேற யாரையாவது நிறுத்திக்குங்க" என்று போய்விட்டார். முகம் ஒருவருடையது, கை இன்னொருவருடையது என்பது ஓவியர்களிடம் சகஜம்.

அக்கா என்னை நிறுத்தினாள். "டேய், வாளைப் பிடிக்கச் சொன்னா பல்குச்சி பிடிக்கிற."

அப்போது முதலாளியின் அத்தை கையெழுத்து வாங்க வந்தார். ஆலையை இத்தனை வருடமாக நடத்துபவர். ஊழியர்களுக்கும் அவர் அத்தைதான். "இப்படிக் குடுப்பா" என்று என்னிடமிருந்து வாளை வாங்கினார். வரைந்து முடிக்கும்வரை அந்தக் கை அசையவில்லை. மறு கையில் போன். மாவு வியாபாரிக்கு அர்ச்சனை நடந்துகொண்டிருந்தது.

திறப்பு நாளில் திரை விலகியதும் கூடமே விறைத்து நின்றது. முதலாளி பூரித்தார்.

"அய்யய்யோ, அத்தை கை!" என்றார் மாவு மிஷின் மேஸ்திரி.

வாள்பிடியில் சுண்டுவிரல் மட்டும் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. அந்த விரலிடம் திட்டு வாங்காதவர் ஆலையில் கிடையாது. யாரோ வாயிலிருந்த பிஸ்கட்டை முழுசாக விழுங்கினார்.

முதலாளி அக்காவிடம் சீறினார். "கையை மாத்துங்க."

"மாத்திடலாம் சார். நீங்க வந்து வாளைப் பிடிச்சு நில்லுங்க."

முதலாளி தோளைத் தடவிக்கொண்டார். "வேணாம். படத்தையே கழட்டுங்கப்பா!"

படத்தை மாட்டிய ஏணிக்காரர் ஏறினார். படத்தைத் தொடுவதற்கு முன் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்.

"இருக்கட்டும்ப்பா. என் மருமகன் நல்லாத்தான் இருக்கான்" என்றார் அத்தை.

ஏணிக்காரர் இறங்கினார். ஏணியையும் தோளில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார்.